புண்ணும் புன்னகையும்



நமது மருத்துவமனையில் கட்டுப் போடும் அறைக்கு வெளியே நீண்ட மரப்பெஞ்சு ஒன்று கிடக்கிறது. வேங்கிக்காலில் பேருந்தை விட்டு இறங்கி, மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்து வருகிறவர்களும், ஜெபித்துக்கொண்டே வருகிறவர்களும் அந்தப் பெஞ்சில்தான் தங்கள் முறைக்காகக் காத்திருப்பார்கள். சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அங்கிருந்து பெருஞ்சிரிப்புச் சத்தம் கேட்டது. செங்கம் பக்கத்திலிருந்து வந்த பாட்டியம்மாள் ஒருவர், எழுபது வயதைத் தாண்டியவர், இடுப்பின் வலப்பக்கத்தில் புற்றுநோய் வந்த கதையைப் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அறுபது வருசமா ஒரே எடத்துல இறுக்கிக் கட்டுன பாவாடை நாடாதான் காரணம்னு டாக்டரம்மா சொல்றாங்க. என்னைக் கட்டுனவரு இருந்தாரே, அந்த மனுசன்கூட ஒருநாளும் என்னை இப்படி இறுக்கிப் புடிச்சதில்ல!"

பெஞ்சு முழுவதும் குலுங்கியது. பஞ்சும் மருந்தும் கொண்டுவந்த சிஸ்டர் தட்டைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அந்நேரம் நம் ஊழியத்தைப் பல ஆண்டுகளாகத் தாங்கிவரும் சபையிலிருந்து பெரியவர் ஒருவர் மருத்துவமனையைப் பார்க்க வந்திருந்தார். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. "இது புற்றுநோய் என்கிறீர்கள், பிறகு சிரிக்கிறீர்களே ஐயரே?" என்று எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். நின்ற இடத்தில் நாங்கள் சொன்ன பதில் எங்களுக்கே போதவில்லை. அதனால் இந்த இதழில் அதைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

முதலில் நோயைப் பற்றி. நம் தோலுக்குக் கறுப்பையும் மாநிறத்தையும் கொடுக்கும் மெலனின் என்னும் பொருள், வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் குடைபோல் இருக்கிறது. ஆகையால் வெள்ளைத் தோல் உள்ள ஐரோப்பியரிடமும் ஆஸ்திரேலியரிடமும் மிகுதியாகக் காணப்படும் தோல் புற்றுநோய் நம்மிடையே குறைவு. குறைவு என்பதை நம் மக்கள் 'நமக்கு வராது' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதுவே இங்கே பெரிய தொல்லை. நமக்கு வரும்போது அது பெரும்பாலும் வெயில் படாத இடத்திலும், யாரும் எதிர்பாராத வழியிலும் வருகிறது. பழைய தீக்காயத் தழும்பிலும், ஆண்டுக்கணக்கில் ஆறாமல் கிடக்கும் காலின் புண்ணிலும் வரும். ஓயாமல் உராயும் இடத்திலும், உள்ளங்காலிலும், நகத்தடியிலும் வரும். தழும்பில் தோன்றும் புற்றுக்கு, 1828இல் அவ்வகைப் புண்களை எழுதிவைத்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் மார்ஜோலின் பெயரையே வைத்திருக்கிறார்கள். தீப்பட்டு 20, 30 ஆண்டுகள் கழிந்த பின்கூட அது தலைகாட்டும். சுட்ட அடுப்பை மறந்திருப்போம், தோல் மறப்பதில்லை.

பாட்டியம்மாளின் பாவாடை நாடாவும் வேடிக்கைக்குச் சொன்னதல்ல. 1945ஆம் ஆண்டிலேயே பம்பாய் டாட்டா மெமோரியல் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் வி. ஆர். கானோல்கர், சூர்யாபாய் என்பவரோடு சேர்ந்து, நம் நாட்டாரின் பழக்கவழக்கங்களால் வரும் புற்றுநோய்களைப் பற்றி எழுதினார். அதில் ஒன்று வேட்டிப் புற்றுநோய். இடுப்பில் வேட்டியை நாள்தோறும் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டுவதால் தோல் தடித்து, நிறம் மாறி, வெடித்துப் புண்ணாகி, பல்லாண்டுகளில் புற்றாகிறது. 2024இல் மகாராஷ்டிரத்தையும் பீகாரையும் சேர்ந்த மருத்துவர்கள், புடவைக்குள் கட்டும் பாவாடையின் நாடாவால் இதே நோய் கண்ட இரண்டு முதிய பெண்களைப் பற்றி உலகறிய எழுதினார்கள். அகலமான பட்டி வைத்த பாவாடையைத் தளர்த்திக் கட்டுங்கள், தோலில் மாற்றம் கண்டால் ஆறும்வரை வேறு உடை உடுத்துங்கள் என்பதே அவர்கள் சொன்ன எளிய யோசனை.

மிஷன் மருத்துவமனைகளைத் தாங்குகிற நீங்கள் அறிந்து மகிழவேண்டிய செய்தி ஒன்றும் இதில் உண்டு. காஷ்மீரத்தில் குளிருக்காக மக்கள் நெருப்புக் கங்கு போட்ட சிறு மண்சட்டியைப் பிரம்புக் கூடையில் வைத்து, அங்கிக்குள் வயிற்றோடு அணைத்துக்கொள்வார்கள். அதற்குக் காங்ரி என்று பெயர். அந்தச் சூட்டினால் வயிற்றிலும் தொடையிலும் புற்றுநோய் வருகிறது என்று 1866இல் முதலில் எழுதியவர், அதற்கு முந்திய ஆண்டில் அங்கே போய்ச் சேர்ந்த மிஷனரி மருத்துவர் வில்லியம் எல்ம்ஸ்லி. பின்னர் ஸ்ரீநகர் மிஷன் மருத்துவமனையின் டாக்டர் எர்னஸ்ட் நீவ் 1923இல் அதைப்பற்றி விரிவாக எழுதினார். நோயாளியின் தோலை மட்டும் பார்த்திருந்தால் இவர்களுக்கு அது தெரிந்திருக்காது. அவர் எப்படிக் குளிர் காய்கிறார், எதைக் கட்டிக்கொள்கிறார் என்று அருகில் உட்கார்ந்து பேசியதால் தெரிந்தது. அப்படிப் பேசும் இடத்தில் சிரிப்பும் வரத்தான் செய்யும்.

இனி பெரியவரின் கேள்விக்கு வருவோம். வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. அதைச் சொல்லாத மேடைப் பேச்சாளர் இல்லை. அமெரிக்கப் பத்திரிகையாசிரியர் நார்மன் கசின்ஸ், 1964இல் முதுகெலும்பு மூட்டுகளைத் தாக்கிய கடும் நோயில் கிடந்தபோது நகைச்சுவைப் படங்களைப் போட்டுப் பார்த்தார். பத்து நிமிடம் குலுங்கிச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று அவர் எழுதியதைப் பலரும் படித்தார்கள். 1995இல் மும்பைப் பூங்கா ஒன்றில் டாக்டர் மதன் கட்டாரியா ஐந்தே பேரை வைத்துச் சிரிப்புச் சங்கம் தொடங்க, அது உலகெங்கும் பரவிற்று. நல்லதுதான். ஆனால் நாங்கள் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டியவர்கள். சிரிப்பினால் புற்றுநோய் போவதில்லை. கசின்ஸுக்கு வந்தது புற்றுநோயும் அல்ல. பழமொழியை நம்பிக் கட்டியை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தால் கட்டிதான் வளரும். தோல் புற்றுக்கு மருந்து கத்தியும் கதிர்வீச்சும், சில வகைகளில் ஊசி மருந்தும்தான். பெரும்பாலான தோல் புற்றுகள், சிறிதாய் இருக்கும்போதே வெட்டி எடுத்தால் முற்றிலும் குணமாகக் கூடியவை.

அப்படியானால் சிரிப்பு எதற்கு? இதை ஒரு தம்பியிடம்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம்.

அவர் பிறவியிலேயே தோலிலும் முடியிலும் நிறமில்லாதவர். வெண்புள்ளி வேறு, இது வேறு. அல்பினிசம் என்பார்கள். மெலனின் இல்லாததால் நம் ஊர் வெயில் அவர்களுக்கு நெருப்பு. கண்பார்வையும் மங்கல். இளவயதிலேயே தோல் புற்றுநோய் வரக்கூடியவர்கள். இந்தத் தம்பி சிறுவனாய் இருந்தபோது ஆடு மேய்க்க அனுப்பினார்கள். நாற்பது வயதுக்குள் கீழுதட்டிலும் காதிலும் இரண்டு புற்றுகள். காதின் மேல்பாதியை எடுத்துவிட்டார்கள். இப்போது பௌர்ணமி இரவுகளில் கிரிவலப் பாதையில் சுண்டல் விற்கிறார். "சூரியன் எனக்குப் பகையாளி ஐயா, சந்திரன்தான் முதலாளி" என்பார். பாதிக் காது போனதால் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் நிற்பதில்லை. ஒரு கயிற்றைக் கட்டித் தலையைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, "பட்டம் மாதிரி, நூலை விட்டா பறந்துடும்" என்று தானே இழுத்துக் காட்டுவார்.

ஊரில் பிள்ளைகள் அவரை 'வெள்ளைக்காரன்' என்று கத்திக் கல்லெறிந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தை அவர் விட்டதே அந்தச் சொல்லால். ஆனால் எங்கள் பெஞ்சுக்குப் புதிதாய் வருகிறவர்கள் அவரை உற்றுப் பார்த்தால், அவர் முந்திக்கொண்டு, "1947ல எல்லாரையும் கப்பல்ல ஏத்திக்கிட்டு, என்னை மட்டும் மறந்துட்டுப் போயிட்டானுங்க" என்பார். பார்த்தவர் வெட்கப்பட்டுச் சிரிப்பார். பிறகு தன் புண்ணைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். ஒரே சொல்தான். பிறர் வாயிலிருந்து வந்தபோது அது அவரைப் பள்ளியிலிருந்து துரத்தியது. தன் வாயிலிருந்து வரும்போது அறையில் இருப்பவர்களையெல்லாம் அவர் வீட்டு விருந்தாளிகள் ஆக்கிவிடுகிறது.

இந்த வித்தியாசத்தை அறியாமல் நாங்களே ஒருமுறை பிழை செய்தோம். மூக்கின் ஓரத்தில் வந்த புற்றை எடுத்த பிறகு, முகத்தின் குறுக்கே பெரிய கட்டுடன் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வார்டில் படுத்திருந்தார். உற்சாகப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, "என்ன வாத்தியாரே, தலையில் கட்ட வேண்டிய உருமாலை மூக்கில் கட்டியிருக்கிறீர்களே!" என்றோம். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு நாள் எங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. செமினரியில் எங்களுக்குப் போதித்த எதுவும் அந்த இரண்டு நாளில் துணைக்கு வரவில்லை. யோபுவின் நண்பர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். உடம்பெல்லாம் பருக்களோடு ஓட்டினால் சுரண்டிக்கொண்டு சாம்பலில் உட்கார்ந்திருந்தவனிடம் வந்து, ஏழு நாள் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அவ்வளவும் நன்றாய்த்தான் செய்தார்கள். வாயைத் திறந்தபோதுதான் எல்லாம் கெட்டது.

மூன்றாம் நாள் போய்ச் சும்மா உட்கார்ந்தோம். நான்காம் நாள் அவரே பேசினார். "முப்பது வருஷமா பிள்ளைங்க எனக்கு வச்ச பட்டப்பேர் கிளிமூக்கு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தானுங்க. இனிமே அந்தப் பேரும் இல்லாமப் போச்சே ஐயரே." சொல்லிவிட்டுச் சிரித்தார். கட்டு இழுத்து வலித்தது. கண்ணீரும் வந்தது. எது எதனால் வந்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

முகத்தில் வரும் நோய்க்கு மற்றப் புற்றுநோய்களுக்கு இல்லாத கொடுமை ஒன்று உண்டு. வயிற்றில் இருப்பதை மூடி மறைக்கலாம். மூக்கில் இருப்பதைப் பேருந்து நடத்துனர் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லாரும் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் பாராததுபோல் திரும்பிக்கொள்வார்கள். அந்தத் திருப்பத்தைத்தான் நம் நோயாளிகள் புண்ணைவிடப் பொறுக்கமாட்டாதவர்களாய் இருக்கிறார்கள். அவர்களே தொடங்கும் சிரிப்பு, திரும்பிய முகத்தை மறுபடி தங்கள் பக்கம் திருப்புகிறது.

திருவண்ணாமலையில் இருந்துகொண்டு இந்தப் பொருளைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆனாலும் நம் ஊரார். 1896 செப்டம்பரில் பதினாறு வயதுப் பையனாக இவ்வூருக்கு வந்து, இறுதிவரை இவ்வூரை விட்டுப் போகாத ரமண மகரிஷி. 1948ஆம் ஆண்டின் கடைசியில் அவருடைய இடது முழங்கைக்குக் கீழே சிறிய கட்டி ஒன்று தோன்றிற்று. 1949 பிப்ரவரியில் ஆசிரமத்திலேயே வெட்டி எடுத்தார்கள். மாதம் ஒன்று ஆவதற்குள் திரும்ப வந்தது. சோதித்தபோது சார்கோமா என்று தெரிந்தது. இது தோலின் மேலடுக்கில் வரும் புற்று அல்ல, தோலுக்கு அடியிலுள்ள சதையில் பிறக்கும் புற்று. ஆயினும் வெளியே புடைத்து, இரத்தம் கசிந்து, நாள்தோறும் கட்டுப்போட வேண்டிய புண்ணாகவே அவர் அதைச் சுமந்தார். மார்ச், ஆகஸ்டு, டிசம்பர் என்று அவ்வாண்டிலேயே மேலும் மூன்று முறை அறுவைச் சிகிச்சை நடந்தது. ரேடியமும் வைத்துப் பார்த்தார்கள். கையை எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் சொன்னதை அவர் ஏற்கவில்லை. 1950 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு காலமானார்.

அவரோடு இருந்த ஆங்கிலேயர் ஆர்தர் ஆஸ்போர்ன் எழுதி வைத்திருப்பவற்றில் நம் பொருளுக்கு வேண்டியவை சில உண்டு. அந்தக் கடைசி நாட்களில் பெண்மணி ஒருவர் துயரம் தாங்காமல் அவர் அறைக்கு வெளியே தூணில் தலையை முட்டிக்கொண்டாராம். சத்தம் கேட்டு அவர் வியந்து பார்த்து, யாரோ தேங்காய் உடைக்கப் பார்க்கிறார்கள் என்றல்லவா நினைத்தேன் என்றாராம். உடம்பை வாழையிலைக்கு ஒப்பிட்டு, சாப்பிட்டு முடித்த பின் இலையை எடுத்துப் பத்திரப்படுத்துவோமா என்று கேட்டிருக்கிறார். தூக்க நாலு பேர் வேண்டிய சுமையை நான் ஒருவனே சுமந்துகொண்டிருக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார். நாலு பேர் என்றால் நம் ஊரில் எதைக் குறிக்கும் என்று தமிழ் அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இது நோயில் புதிதாய்க் கற்ற பேச்சல்ல. 1924இல் ஆசிரமத்தில் திருடர் புகுந்து அவரைக் காலில் அடித்தபோதே, எனக்கும் பூசை கிடைத்தது என்றவர் அவர். பூசை என்றால் நமக்கு வழிபாடும் உண்டு, உதையும் உண்டு. வார்டிலும் நாங்கள் காண்பது இதுதான். திண்ணையில் கிண்டல் பேசிப் பழகியவர் கட்டிலிலும் பேசுகிறார். வாழ்நாளெல்லாம் பேசாதிருந்தவரை, புற்றுநோய் வந்தவுடன் சிரிக்கச் சொன்னால் அது இன்னொரு வேதனை. அப்படிப்பட்டவருக்கு அருகில் உட்காருவதும் தண்ணீர் கொடுப்பதுமே போதும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்லியாக வேண்டும். மகரிஷியே கையை எடுக்க வேண்டாம் என்றாரே என்று சொல்லி அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்களை இவ்வூரில் நாங்கள் சந்தித்திருக்கிறோம். அவருடைய நம்பிக்கை அவருக்கு. இன்று நம்மிடம் வருகிறவர்களில் பலருக்கு, எடுக்க வேண்டியது கையே அல்ல, ஓர் அரைநெல்லிக்காய் அளவுத் தோல்தான்.

வேடிக்கைப் பேச்சு செய்யும் தீமையும் உண்டு. நம் மக்கள் புண்ணைச் சிரித்தே ஒதுக்கிவிடுவார்கள். "மச்சம் வளர்ந்தா அதிர்ஷ்டம்" என்பார்கள். உள்ளங்காலில் கரும்படை வந்தால், "மலையைச் சுத்தின கால், மை பூசிக்கிச்சு" என்பார்கள். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். வெறுங்காலோடு சுற்றுகிறவர்களுக்குக் காலில் முள்ளும் கொப்புளமும் வருவது இயல்பு. ஆகவே மெலனோமா என்னும் மிகக் கொடிய தோல் புற்று, நிறமுள்ள நம்மவருக்கு உள்ளங்காலிலும் நகத்தடியிலுமே அதிகமாய் வருகிறது என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால்விரல் நகத்தடியில் வந்தது. பந்து விளையாடியதில் பட்ட காயம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். விரலை எடுத்துவிடும்படி சொன்ன யோசனையை அவர் ஏற்கவில்லை. 1981இல் முப்பத்தாறு வயதில் மரித்தார்.

ஆகையால் ஒரு மாதத்திற்கு மேல் ஆறாத புண், பழைய தழும்பில் புதிதாய் வெடிப்பு, விளிம்பு தடித்துத் திரும்பிய புண், வளர்ந்துகொண்டே போகிற அல்லது இரத்தம் கசிகிற மச்சம், உள்ளங்காலில் பரவும் கறுப்பு, நகத்தில் அகன்றுகொண்டே போகும் கருங்கோடு, இவற்றில் எது இருந்தாலும் காட்டிவிடுங்கள். சிறு துண்டு எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். கத்தி பட்டால் பரவிவிடும் என்பது தவறான பயம். காட்டிவிட்டுப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் வேடிக்கை பேசலாம்.

பூனை வைத்தியம் என்று ஒன்று இருந்தது உங்களுக்குத் தெரியுமா? இங்கிருந்து 80 கிலோமீட்டர் அளவில் இருக்கும் வேலூரில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், டாக்டர் பால் பிராண்ட் 1940களின் கடைசியில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்ப்படுத்தும் அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினார். உணர்ச்சியற்ற கை கால்களில் புண் வருவது நோய்க்கிருமியால் அல்ல, வலி தெரியாமல் சூட்டையும் கல்லையும் முள்ளையும் தொடுவதால்தான் என்று கண்டறிந்தவர் அவர். அப்படி ஆண்டுக்கணக்கில் ஆறாத உள்ளங்கால் புண்கள் சிலருக்குப் புற்றாக மாறுவதும் உண்டு. ஆனால் சிலருடைய விரல்கள் இரவோடு இரவாகக் குறைந்து போயின. காரணம் புரியவில்லை. விழித்திருந்து பார்த்தபோது எலி! வலி தெரியாமல் தூங்குகிறவரின் விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. அதன்பிறகு வீட்டுக்கு அனுப்பும் நோயாளிகளுக்கு ஆளுக்கொரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள். மருந்துச் சீட்டில் பூனை! கையில் கட்டும் கக்கத்தில் பூனையுமாகப் பேருந்து ஏறுகிறவரைப் பார்த்து நடத்துனர் என்ன சொல்லியிருப்பார், பூனைக்கும் டிக்கெட் கேட்டாரோ என்று நாங்கள் நினைத்துச் சிரிப்பதுண்டு. அந்தச் சிரிப்புக்கு அடியில் எவ்வளவு பயங்கரமான காரியம் இருக்கிறது என்பதையும் மறப்பதில்லை.

சிரிக்கவே முடியாத ஒன்று உண்டு. அது நாற்றம். முற்றிய தோல் புற்று வெடித்து அழுகும்போது வரும் வாடையால் நோயாளியை மாட்டுக்கொட்டகையில் படுக்கவைத்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். வீட்டார் கொடியவர்கள் அல்லர், தாங்க முடியாதவர்கள். தட்டும் தம்ளரும் தனியாக வைப்பார்கள், தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்தினால். புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. நாற்றத்திற்கோ எளிய மருந்து உண்டு. வயிற்றுப்போக்கிற்குக் கொடுக்கும் மெட்ரானிடசோல் மாத்திரையை நுணுக்கிப் புண்ணில் தூவிச் சுத்தமாய்க் கட்டினால், நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகள் அடங்கி, சில நாட்களில் வாடை வெகுவாகக் குறைகிறது. எந்தப் புண்ணுக்கு எவ்வளவு என்பதை நர்ஸம்மாவே சொல்லித்தருவார். அப்படிக் கட்டத் தொடங்கி ஒரு வாரம் ஆனபின் கொட்டகையில் கிடந்த தகப்பனாரை நடுவீட்டுக்கு மாற்றினார்கள். அன்று பேரப்பிள்ளை அவர் மடியில் ஏறி உட்கார்ந்தான். அவர் வேடிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

அறுவைச் சிகிச்சைச் செலவில் பெரும்பகுதிக்கு இப்போது முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. ஆனால் மாதக்கணக்கில் போடவேண்டிய கட்டுத்துணிக்கும், வேலூருக்குத் துணையாக வருகிறவரின் பேருந்துக் கட்டணத்திற்கும், சுண்டல் விற்கும் தம்பியின் தொப்பிக்கும் குடைக்கும் முழுக்கைச் சட்டைக்கும் எந்த அட்டையிலும் இடமில்லை. அவை உங்கள் காணிக்கையிலிருந்து வந்தவை. அந்தக் குடைக்குத் தம்பி வைத்திருக்கும் பெயர் 'துரைசாணி'. "அவங்க இல்லாம துரை வெளியே போறதில்ல" என்கிறார்.

பாட்டியம்மாளுக்கு வேலூரில் புற்றை எடுத்து, தொடைத் தோலை வைத்துத் தைத்தார்கள். புண் ஆறிவிட்டது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை வந்து காட்டுகிறார். நம் சிஸ்டர்கள் அகலப் பட்டி வைத்துத் தைத்துக் கொடுத்த பாவாடையைத் தளர்த்திக் கட்டிப் பழக்கமில்லாததால், நடக்கும்போது ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டேதான் நடக்கிறார்.

போன மாதம் அவர் வந்திருந்த நாளில், முகம் சுருங்கிய அந்தப் பெரியவரும் சபையின் காணிக்கையைச் சேர்ப்பிக்க வந்தார். பெஞ்சில் வேறு இடமில்லை. பாட்டியம்மாள் நகர்ந்து இடங்கொடுத்தார். சற்று நேரம் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏன் சாமி, வேட்டி மேல இம்மாம் பெரிய பெல்ட்டைப் போட்டு இந்த இறுக்கு இறுக்கியிருக்கியே, எங்கியாவது ஓடிப்போயிடுமா அது?" என்று கேட்டார். பெரியவர் எங்களைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கமாய்த் திரும்பி, பெல்ட்டை இரண்டு துளை தளர்த்திப் போட்டுக்கொண்டு, சிரித்தபடியே உட்கார்ந்தார்.